கிராண்ட் ஆற்றுப் பக்கம் குடிவரும் தமிழருக்கு: பூர்வகுடி அயலவரோடு நிற்பது எப்படி

ஸ்காபரோவில் வீட்டு விலை கைக்கெட்டாமல் போனதிலிருந்து நம் சனம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் மார்க்கம், ஏஜாக்ஸ். பிறகு பிரம்ரன், மில்ரன். இப்போது கேம்பிரிட்ஜ், கிச்சனர், பிரான்ட்ஃபோர்ட். நான் பிரான்ட்ஃபோர்டில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பால், பாண், லொட்டோ, சிகரெட். ஒரு மூலையில் நம் மிளகாய்த்தூளும் கிடக்கும். காரில் கொஞ்சத் தூரம் போனால் சிக்ஸ் நேஷன்ஸ், ஆறு பூர்வகுடி இனங்கள் சேர்ந்த சமூகத்தின் ஊர். அதை ஒட்டி இன்னொரு பூர்வகுடிச் சமூகம், மிசிசாகாஸ் ஒஃப் த கிரெடிட். ரிசேர்வ் என்றால் பூர்வகுடி மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம்; கனடாவில் மக்கள்தொகையால் மிகப் பெரிய ரிசேர்வ் சிக்ஸ் நேஷன்ஸ்தான். ஆகவே கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பூர்வகுடி மக்கள்.

புதிதாக இந்தப் பக்கம் வீடு வாங்கி வருகிற நம்மவர்கள் கடைக்கு வந்தால் அரைமணி நேரத்துக்குள் ஒரு கேள்வி வரும். "அக்கா, இவையளோட எப்படிப் பழகுறது? ஏதும் பிரச்சினை வருமோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். பழகுவதில் தொடங்கி, அவர்களுக்கு நடந்த, இன்னும் நடக்கிற அநியாயத்தில் நாம் எந்தப் பக்கம் நிற்பது என்பது வரைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தர்மம் செய்கிற விஷயம் இல்லை. நிலம் பற்றிப் பூர்வகுடி மக்களோடு அரசு செய்த உடன்படிக்கைக்கு இரண்டு தரப்பு உண்டு. நாம் எந்தத் தரப்பில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வீட்டு உறுதிக்கு முந்திய உறுதி

வீடு வாங்கும்போது வக்கீல் உறுதியைப் பார்ப்பார். அதற்கு முன்னால் ஒரு உறுதி இருக்கிறது, அதை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. நீங்களே போய்ப் பாருங்கள். ஒன்ராறியோ அரசு உடன்படிக்கை வரைபடம் வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஊர் எந்த உடன்படிக்கைக்குள் வருகிறது, அதில் யார் யார் கையெழுத்து வைத்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதும்.

ரொறன்ரோ என்றால் 13ஆம் உடன்படிக்கை. 1787இல் முடிந்ததாகச் சொல்லப்பட்டு, அது ஒழுங்காக இல்லை என்று அரசுக்கே சந்தேகம் வந்து, 1805இல் திரும்பச் செய்தார்கள். இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு அப்போது கொடுத்தது 10 ஷில்லிங். மிசிசாகா மக்கள் விடாமல் வழக்காடி 2010இல் 14.5 கோடி டொலர் பெற்றார்கள். பிரம்ரன் 1818ஆம் ஆண்டின் 19ஆம் உடன்படிக்கை. ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம், ஏஜாக்ஸ், பிக்கரிங் எல்லாம் 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளோடு சம்பந்தப்பட்டவை. அதில் ஏழு சமூகங்களின் வேட்டை, மீன்பிடி உரிமையைக் கூடப் பிடுங்கிவிட்டு, ஆளுக்கு 25 டொலர் கொடுத்தார்கள். 2018இல்தான் மன்னிப்பும் 111 கோடி டொலர் இழப்பீடும் வந்தன.

இங்கே கிராண்ட் ஆற்றுப் பக்கம் கதை இன்னும் கசப்பு. அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டு, நியூயோர்க் பக்கத்தில் சொந்த ஊர்களை இழந்து வந்தவர்கள் ஹோடனோஷோனி மக்கள், அதாவது சிக்ஸ் நேஷன்ஸ்காரர். அவர்களுக்கென்று 1784இல் ஆளுநர் ஹால்டிமண்ட் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தார்: ஆறு தொடங்கும் இடத்திலிருந்து கடலாட்டம் கிடக்கும் ஈரி ஏரியில் விழும் இடம் வரை, இரண்டு கரையிலும் ஆறு மைல். ஏறத்தாழ 950,000 ஏக்கர். கிச்சனர், வாட்டர்லூ, கேம்பிரிட்ஜ், பிரான்ட்ஃபோர்ட், கலிடோனியா எல்லாம் அதற்குள்தான். இன்று அவர்கள் கையில் இருப்பது அதில் 5 வீதம்கூட இல்லை. அத்துமீறிக் குடியேறியவர்கள், குத்தகை என்று போய்த் திரும்பி வராத நிலங்கள், அவர்கள் இன்றுவரை ஒத்துக்கொள்ளாத 1841ஆம் ஆண்டு ஒப்படைப்பு. நிலம் விற்ற காசையாவது ஒழுங்காக வைத்திருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்களைக் கேட்காமலே ஒரு படகுப் போக்குவரத்துக் கொம்பனியில் போட்டுத் தொலைத்தார்கள். அந்தக் கணக்கைக் காட்டு என்று சிக்ஸ் நேஷன்ஸ் 1995இல் வழக்குப் போட்டது. பல ஆண்டுகளாக இழுபடுகிறது.

ஏன் இவ்வளவு தாமதமாக 1995இல் என்று கேட்பீர்கள். நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத ஒரு மனிதர் இங்கேதான் வருகிறார். டெஸ்காஹே, சிக்ஸ் நேஷன்ஸின் ஆறு இனங்களில் ஒன்றான காயுகாவின் தலைவர். 1923இல் ஹோடனோஷோனி கடவுச்சீட்டோடு ஜெனிவாவுக்குப் போய், ஐ.நா.வுக்கு முந்திய சர்வதேச சங்கத்தின் கதவைத் தட்டினார். ஆம், அதே ஜெனிவா. பிரிட்டன் தலையிட்டு அவருடைய மனுவைப் பேச விடாமல் பண்ணியது. அவர் அங்கே நிற்கும்போதே, 1924இல், கனடா அரசு பொலிசை விட்டு சிக்ஸ் நேஷன்ஸின் பாரம்பரியத் தலைவர் சபையை வெளியேற்றி, தேர்தல் சபை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. அவருக்கு உயிரோடு ஊர் திரும்பக் கிடைக்கவில்லை, 1925இல் காலமானார். பூர்வகுடி மக்களைக் கட்டுப்படுத்த கனடா வைத்திருக்கும் சட்டத்துக்கு "இந்தியச் சட்டம்" என்று பெயர்; 1927இல் அதில் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். நில உரிமை கேட்டு வழக்குப் போடக் காசு சேர்ப்பதே குற்றம். 1951 வரை அந்தப் பிரிவு இருந்தது. வக்கீல் வைக்கவே முடியாதவன் எப்படி வழக்குப் போடுவது?

ஆண்டுதோறும் ஜெனிவாவுக்கு ஆள் அனுப்புகிற நமக்கு இந்தக் கதை விளங்க அதிக நேரம் எடுக்காது.

"நாங்கள் என்ன வெள்ளைக்காரரோ?"

இதுதான் எல்லோரும் சொல்கிற முதல் சமாதானம். நாங்கள் அகதியாக வந்தவர்கள், நாங்கள் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. சரி, பிடுங்கவில்லை. ஆனால் நாம் வாங்கிய வீடு, அதற்கு நகரசபை எடுக்கும் வரி, பிள்ளை போகும் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த உடன்படிக்கைகளின் பலனில்தான் நிற்கின்றன. பிரஜாவுரிமை எடுத்தபோது சத்தியம் செய்தோமே, அந்த வாசகம் 2021 ஜூனில் மாறியது. பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்பை மதித்து நடப்பேன் என்று இப்போது சொல்ல வேண்டும். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி இரண்டும் நம்மைப் போன்ற புதிதாக வந்தவர்களைப் பற்றியவை: 93 நமக்குச் சொல்லிக்கொடுக்கும் வரலாறு, 94 இந்தச் சத்தியம். 2021க்கு முன்னால் சத்தியம் செய்தவர்கள் தப்பினோம் என்று நினைக்க வேண்டாம். அந்த உரிமைகளை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு 1982இலிருந்து இருக்கிறது.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. நம்மில் சிலர் ஒரு பூர்வகுடி ஆளைச் சந்தித்த ஐந்தாவது நிமிடத்தில் யாழ்ப்பாண நூலகம், 83, முள்ளிவாய்க்கால் என்று தொடங்கிவிடுவார்கள். எனக்கும் அந்த உந்துதல் வரும். ஒரு தடவை சொல்லுங்கள், அதுவும் அவர்கள் "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்" என்று கேட்டால். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்பது நல்லது. அவர்களுடைய துக்கத்தைச் சொல்ல வந்த இடத்தில் நம்முடையதை விரித்துப் போட்டால், கடைசியில் அவர்கள்தான் நம்மைத் தேற்ற வேண்டியிருக்கும்.

கவுண்டரில்

கடை, எரிபொருள் நிலையம், உணவகம் வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்கவும். பெரிய அரசியலைவிட இங்கேதான் அன்றாடம் அவமானம் நடக்கிறது.

ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 வீதம். 5 மத்திய அரசுக்கு, 8 மாகாணத்துக்கு. ஸ்டேட்டஸ் கார்ட், அதாவது பதிவு பெற்ற பூர்வகுடியினருக்கு அரசு கொடுக்கும் அடையாள அட்டை, வைத்திருப்பவர் ரிசேர்வுக்கு வெளியே உள்ள கடையில் தகுதியான பொருள் வாங்கினால் அந்த 8 வீதம் கட்டத் தேவையில்லை. 2010 செப்டெம்பரிலிருந்து இதுதான் முறை. 100 டொலர் பொருளுக்கு 113 இல்லை, 105. பால், பாண், அரிசிக்கு யாருக்குமே வரி கிடையாது, ஆகவே அங்கே கார்டுக்கு வேலை இல்லை. சிகரெட்டுக்கும் பெற்றோலுக்கும் விதி வேறு. தகுதியான பொருட்களின் பட்டியலை வருமான வரித் துறையிடம் எடுத்து, அச்சடித்து, கவுண்டருக்குக் கீழே ஒட்டிவையுங்கள். ரிசேர்வுக்கே கொண்டுபோய் இறக்குகிற பொருள் என்றால் முழு வரியும் இல்லை.

கார்டின் பதிவு எண்ணையும் பொருளையும் தேதியையும் குறித்து வைத்து, வரிக் கணக்குக் கொடுக்கும்போது அந்தத் தொகையைக் கழித்துக் காட்டினால் கடைக்கு ஒரு சதம் நட்டமில்லை. "இது எங்களுக்கு நட்டம், நாங்கள் செய்வதில்லை" என்று சொல்கிற கடைக்காரர் ஒன்றில் விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்தும் பஞ்சிப்படுகிறவர். கடையில் கழிக்காவிட்டால் வாங்குகிறவர் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்துவைத்து, படிவம் நிரப்பி, மாகாண அரசிடம் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு டொலருக்கு யார் அதைச் செய்வது?

இனி, கார்டை வாங்குகிற விதம். ஒரு பெண் கார்டை நீட்டுகிறாள். கவுண்டரில் நிற்கும் பெடியனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கார்டை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்க்கிறான். உள்ளே திரும்பிப் பெரிய சத்தமாக, "மனேஜர், இங்க ஒரு ஸ்டேட்டஸ் கார்ட்!" என்கிறான். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் ஒருவர் பெருமூச்சு விடுகிறார். அவள் கார்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, "பரவாயில்லை, முழு விலையையே போடுங்கள்" என்கிறாள். எத்தனையோ கடைகளில் எத்தனையோ தரம் நடந்த விஷயம் இது. தன் உரிமையைக் கேட்டதற்காகப் பத்துப் பேர் முன்னால் கூனிக்குறுகி நிற்கவேண்டியிருக்கிறது.

இதைத் தடுப்பது சுலபம். இயந்திரத்தில் ஒரு பொத்தானை இதற்கென்று அமைத்துவிடுங்கள். இயந்திரம் விற்றவரிடம் கேட்டால் செய்து தருவார். வேலைக்கு வரும் பிள்ளைக்கு முதல் நாளே பழக்குங்கள்: கார்டை வாங்கு, எண்ணைக் குறி, நன்றி சொல்லிக் கொடு, அவ்வளவுதான். "உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்று சிரிக்காதே. "பார்க்க அப்படித் தெரியவில்லையே" என்று சொல்லவே சொல்லாதே. தலைமுடி பொன்னிறமாகவும் இருக்கும், கண் நீலமாகவும் இருக்கும். அது அவர்களுடைய குடும்பக் கதை, நமக்குத் தேவையில்லாதது.

அடுத்தது, பின்னால் போவது. பூர்வகுடிப் பிள்ளைகள் இரண்டு பேர் கடைக்குள் வந்தால், சாமான் அடுக்குகிற மாதிரி அவர்கள் பின்னாலேயே போகிற பழக்கம் நம் கடைகளிலும் இருக்கிறது. ரொறன்ரோவின் பெரிய கடைகளில் நம் பெடியன்களுக்குப் பின்னால் காவலாளி வந்தபோது நமக்கு எரிந்ததே. கமராவை எல்லா மூலைக்கும் போடுங்கள், எல்லோரையும் அது ஒரே மாதிரிப் பார்க்கட்டும்.

சிகரெட் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கடைக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். ரிசேர்வில் விற்கிற மலிவு சிகரெட்டால் நம் வியாபாரம் அடிபடுகிறது என்பது உண்மை. என் கடையிலும் அடிபடுகிறது. ஆனால் புகையிலையை இந்த மண்ணில் பயிரிட்டு வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். அதற்கு வரி போடும் உரிமை கனடாவுக்கு இருக்கிறதா என்பதே அவர்களுடைய வாதம். அந்த வாதம் சரியோ பிழையோ, அது இரண்டு அரசுகளுக்கு இடையில் தீர வேண்டியது. என் கோபத்தை, லொட்டோ வாங்க வந்த கிழவியிடம் காட்டுவதில் ஒரு நியாயமும் இல்லை. மாகாணம் சிகரெட் வரியை நம்பி, நம்மை வசூல்காரராக வைத்திருக்கிறது. கேள்வியை அங்கே கேளுங்கள்.

தண்ணீர்ப் போத்தலும் அப்படித்தான். பெரிய போத்தல்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, "வீட்டில் குழாய் இல்லையோ" என்று பகிடி விடுகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே இல்லை. சிக்ஸ் நேஷன்ஸில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதன் குழாய் எட்டாத வீடுகள் ஏராளம். அவர்களுடைய ஆற்றுப் படுகையிலிருந்தே ஒரு பெரிய நிறுவனம் பல ஆண்டுகள் தண்ணீர் எடுத்துப் போத்தலில் அடைத்து விற்றது. ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

பழக்கவழக்கம்

"செவ்விந்தியர்" என்ற சொல்லைத் தமிழில் பேசும்போதும் விட்டுவிடுங்கள். அவரவர் இனப் பெயரைச் சொல்வது இன்னும் நல்லது: மோஹாக், காயுகா, ஒனைடா, ஒனன்டாகா, செனெகா, டஸ்கரோரா. இந்த ஆறும் சேர்ந்ததுதான் சிக்ஸ் நேஷன்ஸ். மிசிசாகா மக்கள் அனிஷினாபே. வேறு மொழி, வேறு வழக்கம். 1847இல் கிரெடிட் ஆற்றங்கரையில் இருக்க முடியாமல் வந்தவர்களுக்கு சிக்ஸ் நேஷன்ஸ் தன் நிலத்தில் இடம் கொடுத்தது. மோஹாக் ஆளைக் கண்டால் "சேகோ", நன்றிக்கு "நியாவெ". அனிஷினாபே ஆளுக்கு நன்றி "மிக்வெச்". உச்சரிப்புக் கொஞ்சம் தவறினால் சிரித்துத் திருத்துவார்கள், அதில் வெட்கம் இல்லை.

முதல் சந்திப்பில் கேட்கக்கூடாத கேள்விகள் இரண்டு. உங்களுக்கு எத்தனை வீதம் பூர்வகுடி இரத்தம்? உங்கள் குடும்பத்தில் யாராவது வதிவிடப் பள்ளிக்குப் போனார்களா? வதிவிடப் பள்ளி என்பது பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த பள்ளி. இரண்டாவது கேள்விக்கு அநேகமாக ஆம் என்றுதான் பதில் வரும். அவர்களாகச் சொல்லும் நாள் வரட்டும்.

இன்னொன்று: சிக்ஸ் நேஷன்ஸில் தேர்தல் சபையும் இருக்கிறது, பாரம்பரியத் தலைவர் சபையும் இருக்கிறது. டெஸ்காஹே கதையை நினைத்துப் பாருங்கள், ஏன் இரண்டு என்று விளங்கும். எது உண்மையான சபை என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போகவேண்டாம். அவர்களிடம் பழைய மணிப்பட்டை ஒன்று உண்டு. வெள்ளை மணிகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் இரண்டு கோடுகள். ஒன்று அவர்களுடைய ஓடம், மற்றது வந்தவர்களுடைய கப்பல். ஒரே ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் போகும். ஒருவர் மற்றவரின் சுக்கானைப் பிடிக்கக் கூடாது.

பவ்வவ் என்கிற ஆட்டமும் பாட்டுமான விழா எல்லோருக்கும் திறந்தது, கட்டாயம் போங்கள். சிக்ஸ் நேஷன்ஸில் ஜூலை கடைசியில் பெரிதாக நடக்கும். தொடக்க ஊர்வலத்தின்போது எழுந்து நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும். படம் எடுக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னால் தொலைபேசியை உள்ளே வையுங்கள். ஆடுகிறவர்கள் அணிந்திருப்பதைத் தொடாதீர்கள், அதை வேஷம் என்று சொல்லாதீர்கள். மது கிடையாது. கடைகளில் கையால் செய்த மணி வேலைகளைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். நம் ஆட்களுக்கு இது கஷ்டம், தெரியும். லோங்ஹவுஸ் என்கிற அவர்களுடைய பாரம்பரியச் சடங்கு மண்டபத்தில் நடப்பவை வேறு. யாராவது அழைத்தாலொழிய அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஒரு மூத்தவரிடம் அறிவுரையோ ஆசீர்வாதமோ கேட்கப் போனால், அனிஷினாபே, ஹோடனோஷோனி மக்களிடம் புகையிலை கொடுத்துக் கேட்பது வழக்கம். ஒரு சிறு துணியில் முடிந்து கையில் கொடுத்துவிட்டு, என்ன கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். வெற்றிலை வைத்து அழைப்பதைப் போலத்தான், வாங்கினால் சம்மதம். வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களிடம் இந்த வழக்கம் இல்லை. ஆகவே யாரிடம் போகிறோமோ அவருடைய ஆட்களிடம் முதலில் விசாரியுங்கள்.

சங்கக் கூட்டம், பொங்கல் விழா

தமிழ் மரபுத் திங்கள் என்று ஜனவரி முழுக்க விழா. மங்கள விளக்கு, கனடா கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம். நடுவில் யாரோ ஒரு பிள்ளை தாளைப் பார்த்து, இது எந்தப் பூர்வகுடி மக்களின் நிலம் என்று சொல்லும் நில அங்கீகார உரையை ஒரே மூச்சில் வாசிக்கும். பெயர்களை ஒழுங்காக உச்சரிக்கவும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சபை அந்த நேரத்தில் ரோல்ஸ் வந்துவிட்டதா என்று பார்க்கும்.

இப்படி வாசிப்பதைவிட வாசிக்காமல் விடுவது மேல் என்பது என் கட்சி. வாசிப்பதானால் தமிழிலேயே எழுதி வாசியுங்கள். மண்டபம் எந்த உடன்படிக்கை நிலத்தில் இருக்கிறது, அதில் எந்த வாக்குறுதி மீறப்பட்டது, நம் சங்கம் இந்த வருடம் அது குறித்து என்ன செய்யப்போகிறது; மூன்று வாக்கியம் போதும். மூன்றாவது வாக்கியத்துக்கு ஒன்றும் இல்லையென்றால், நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதலில் அதைப் பேசி முடியுங்கள்.

பூர்வகுடிப் பேச்சாளரையோ நடனக்காரரையோ அழைத்தால் சன்மானம் கொடுக்க வேண்டும். சென்னையிலிருந்து பாடகரைக் கூப்பிடும்போது எவ்வளவு பேசுகிறோம்! தொகையை முன்கூட்டியே சொல்லி, அன்றே காசோலையைக் கையில் கொடுங்கள். பயணச் செலவு தனி. பேச்சுக்கு இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு, பிரமுகர்கள் பேசி முடியக் கடைசியில் ஐந்து நிமிடம் தருகிற நம் வழக்கத்தை அவர்களிடம் காட்டாதீர்கள்.

விருந்து மேசையில் வாயைத் திறப்பது

இதுதான் எனக்குத் தெரிந்து மிகவும் கஷ்டமான வேலை. பிறந்தநாள் விழா. எட்டுப் பேர் மேசை. ஒரு அண்ணை தொடங்குவார்: "அவங்களுக்கென்ன, வரி இல்ல, வீடு சும்மா, படிப்பு சும்மா, குடிச்சுப்போட்டுக் கிடக்கிறாங்கள்." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வயதில் மூத்தவர், எதிர்த்துப் பேசுவது நம் வழக்கமில்லை. ஆனால் வெள்ளைக்காரர் ஊர்வலம் போவதைவிட, நாம் இந்த மேசையில் பேசுவது கூடப் பயன் தரும். ஏனென்றால் இங்கே அவர்கள் ஒருவரும் இல்லை.

சண்டைக்குப் போகாமல் தகவலாகச் சொல்லுங்கள். வரி விலக்கு பதிவு பெற்றவர்களுக்கு மட்டும். பெரும்பாலும் ரிசேர்வில் உழைத்த சம்பளத்துக்கும் அங்கே உள்ள சொத்துக்கும். மேட்டி, இனுயிட் என்ற மற்றப் பூர்வகுடி மக்களுக்கு அதுவும் இல்லை. ரிசேர்வ் நிலம் சட்டப்படி அரசின் பேரில் இருக்கிறது. அதை ஈடுவைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது. நாம் வீட்டை வைத்துக் கடை வாங்கினோமே, அந்த வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. படிப்புக் காசு ஒரு அளவுத் தொகையாகச் சமூகத்துக்குப் போகிறது. அது முடிந்தால் பிள்ளை காத்திருக்க வேண்டியதுதான்.

"அதெல்லாம் பழைய கதை, எத்தனை காலத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பது?" என்று அடுத்தவர் கேட்பார். வதிவிடப் பள்ளிகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துப் போட்டார்கள். கடைசிப் பள்ளி மூடியது 1990களின் பிற்பாதியில். 83க்குப் பிறகு நாம் இங்கே வந்து இறங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அந்தப் பள்ளிகளில் சில இன்னும் நடந்துகொண்டிருந்தன. இதைச் சொன்னால் மேசை கொஞ்ச நேரம் அமைதியாகும். அப்புறம் கிரிக்கெட் பற்றிப் பேசுங்கள், பரவாயில்லை.

பிரான்ட்ஃபோர்டில் இருக்கும் மோஹாக் இன்ஸ்டிடியூட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1970 வரை நடந்த வதிவிடப் பள்ளி. திரும்பத் திரும்ப ஓட்ஸ் கூழ் போட்டதால் அங்கே இருந்த பிள்ளைகள் அதற்கு "கூழ்க் கிடங்கு" என்று பெயர் வைத்தார்கள். கட்டடத்தை இடிக்காமல் சாட்சியாக வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று அந்தச் சமூகமே முடிவெடுத்தது. வுட்லண்ட் கலாசார மையம் அதைப் பராமரிக்கிறது. நன்கொடை கொடுக்க நினைக்கிறவர்கள் அங்கேயே கொடுக்கலாம். வதிவிடப் பள்ளிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டெம்பர் 30க்குச் செம்மஞ்சள் ரீசேட் வாங்குவதானால் பூர்வகுடியினர் செய்து விற்பதைத் தேடி வாங்குங்கள். கடைக்காரர்களுக்கும் இதையே சொல்வேன்: எங்கோ தொழிற்சாலையில் செய்த இறகுப் பொம்மைகளை "பூர்வகுடிக் கைவினை" என்று தொங்கவிடாதீர்கள்.

வாக்கும் கடிதமும்

ஸ்காபரோ, மார்க்கம் தொகுதிகளில் நம் வாக்குக்கு என்ன மதிப்பு என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும். நம்மவரான கரி ஆனந்தசங்கரி 2023 ஜூலையில் பூர்வகுடி உறவுகள் அமைச்சரானபோது முகநூல் முழுக்க வாழ்த்து. அந்த அமைச்சின் மேசையில் என்ன கிடக்கிறது என்று எத்தனை பேர் பார்த்தோம்? இன்று யார் அந்தக் கதிரையில் இருந்தாலும், வேட்பாளர் வாசலுக்கு வரும்போது விசாவையும் வரியையும் கேட்ட பிறகு இவற்றில் ஒன்றையும் கேளுங்கள்.

நெஸ்கன்டாகா. வட ஒன்ராறியோவில் ஒரு சிறு சமூகம். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அங்கே 1995இல் வந்தது. அந்த எச்சரிக்கையோடே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. கிராஸி நரோஸ். 1962க்கும் 1970க்கும் இடையில் டிரைடனில் இருந்த ஆலை ஒன்று ஏறத்தாழ 9 தொன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. மீனை நம்பி வாழ்ந்த சனத்தின் பேரப்பிள்ளைகள் வரை நோய். அந்த மக்கள் ரொறன்ரோவுக்கு வந்து சட்டசபை நோக்கி நடக்கும் ஊர்வலத்தில் யாரும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது, ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன். மனிற்றோபாவில் பிறந்த நோய்ப்பட்ட பிள்ளை. வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவை மத்திய அரசு கொடுப்பதா மாகாணம் கொடுப்பதா என்று இரண்டும் இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட, பிள்ளை ஐந்து வயதில் ஆஸ்பத்திரியிலேயே 2005இல் செத்துப்போனது. பிள்ளைக்குத் தேவையானதை முதலில் கொடு, காசுச் சண்டையைப் பிறகு பிடி என்பதுதான் ஜோர்டன் கொள்கை. 2007இல் நாடாளுமன்றம் அதை ஏற்றது. 2016இல் மனித உரிமை நியாயசபை, கனடா பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்துகிறீர்களா என்று உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போடும் கடிதத்துக்கு முத்திரைகூட ஒட்டத் தேவையில்லை.

வீடு வாங்கப் போகிறவர்களும், விற்றுக் கொடுக்கும் முகவர்களும் இதையும் கவனியுங்கள். கலிடோனியாவில் 2006இலும் 2020இலும் புதிய குடியிருப்புத் திட்டங்கள் நின்றுபோயின, சிக்ஸ் நேஷன்ஸ் மக்கள் அந்த நிலத்தில் போய் உட்கார்ந்ததால். முற்பணம் கட்டிய குடும்பங்கள் திண்டாடின. கட்டுமான நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள்: இந்த நிலம் குறித்து சிக்ஸ் நேஷன்ஸோடு பேசினீர்களா, யாரோடு, என்ன முடிவு? பத்து வாடிக்கையாளர் இதைக் கேட்டால் அவர்கள் பேசித்தான் ஆக வேண்டும்.

பாதை மறித்திருந்தால்

ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் பூர்வகுடி மக்கள் நில உரிமை கேட்டுப் பாதையை மறித்திருப்பார்கள். சுற்றிப் போங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், முகம் தெரியப் படம் எடுத்து வட்சப் குழுவில் போடாதீர்கள். அந்தப் படத்தை வைத்து ஆள் பிடிப்பார்கள். உதவ விரும்பினால் போவதற்கு முன்னால் அவர்களுடைய ஆட்களிடம் என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் விறகு, பற்றரி, புரொபேன், கோப்பி என்பார்கள். நம் ஆட்கள் ஐம்பது பேருக்குப் பிரியாணி கட்டிக்கொண்டு போவார்கள். கேட்டுவிட்டுக் கொண்டுபோனால் அதுவும் நல்லதுதான், உறைப்பைக் குறையுங்கள்.

நீதிமன்றத் தடையுத்தரவு உள்ள இடத்துக்குள் போவது வேறு விஷயம். 2020இல் கலிடோனியாவில் நிறையப் பேரைக் கைது செய்தார்கள். பிரஜாவுரிமை இன்னும் கிடைக்காதவர்கள், அகதி வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் அந்த எல்லைக்குள் கால் வைக்கவே வேண்டாம். குற்றப் பதிவு விழுந்தால் குடிவரவு வழக்கையே கெடுத்துவிடும், அவர்களும் அதை உங்களிடம் எதிர்பார்க்க மாட்டார்கள். வெளியே நின்று செய்ய வேலை இருக்கிறது: பிணைக்கும் வழக்குச் செலவுக்கும் காசு சேர்ப்பது, கைதானவரின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் நாளில் போய்ப் பின் வாங்கில் உட்காருவது. விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை, யாரும் உங்களிடம் அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். காலையில் கொஞ்சம் முன்னதாகப் போங்கள், வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.